எட்டு மில்லிமீட்டர் புறம்போக்கு

“இடம் சும்மா கிடக்குதுன்னுதான் சொல்றேன், அதுல என்ன தப்பு—”

“சும்மா கிடக்கணும்னுதான்டா விட்டிருக்கேன்.”

“நட்ட நடுவுல, அக்கா. ஓரத்துல விட்டிருந்தாக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன். யாராவது நடு மனையில போயி—”

“இது மனை இல்ல. போர்டு.”

“நான் பேசி முடிச்சிடறேனே—”

“நீ பேசி முடிக்கறதுக்குள்ள அங்க ரெண்டு மாடி எழும்பிடும். முதல்ல ஃபேனை நிறுத்து.”

தம்பி மின்விசிறியை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் ஒரு படி குறைத்தான். பட்டறைக்குள் நுழைந்ததும் அவன் செய்கிற முதல் காரியம் விசிறியைப் போடுவது. அக்கா செய்கிற முதல் காரியம் அதை நிறுத்துவது. காற்று பட்டால் பற்றவைக்கிற முனை ஆறிப்போகும், ஈயம் சரியாகப் பிடிக்காது என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நனைந்த சட்டையோடு எவனிடமும் வியாபாரம் பேச முடியாது என்று அவனும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் வைத்த அந்த அறையில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. விசிறி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா சர்க்யூட் போர்டு வரைகிறவள். பெரிய கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காக வரைந்து, நல்ல பெயரும் கழுத்து வலியும் சம்பாதித்துக்கொண்டு வெளியே வந்தவள். தம்பி வீட்டு மனை விற்றவன். வெறும் தரையைப் பார்த்தால் அவன் கண்ணுக்கு முதலில் எல்லைக் கல் தெரியும், அப்புறம் தெரு விளக்கு தெரியும், கொஞ்சம் விட்டால் நீச்சல் குளமே தெரியும். மனை வியாபாரம் படுத்துக்கொண்டதும் அக்காவோடு கூட்டுச் சேர்ந்தான். “அக்காவுக்குக் கை, எனக்கு வாய்” என்று வருகிறவர்களிடமெல்லாம் கூட்டாளி முறையை விளக்குவான். பக்கத்து மேசையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரம்மா அதைக் கேட்கும்போதெல்லாம், “அப்ப காது யாருக்குன்னு கேளுங்க” என்பாள், தலையை நிமிர்த்தாமல்.

அவர்கள் செய்தது பால் புட்டி சூடாக்குகிற கருவி. யோசனை தம்பி மனைவியுடையது. குழந்தை பிறந்த புதிதில் அவள் சொன்னாள்: ஒரு தோளில் குழந்தை, ஒரு கையில் புட்டி, மிச்சம் இருப்பது ஒரே ஒரு விரல்; அந்த ஒரு விரலுக்கு அடங்குகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் அண்ணி என்று. அக்கா செய்தாள். முட்டை வடிவத்தில் வெள்ளைக் கூடு, தலையில் ஓர் உலோக வளையம். ஈர விரலால் தொட்டாலும் போதும், உள்ளே தண்ணீர் சூடாகி, பால் பதத்துக்கு வந்ததும் தானே நின்றுவிடும். முதலில் தயாராகும் கருவி தம்பி மனைவிக்குத்தான் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால்தான் அந்த வளையத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு பயம். அது அவள் தம்பி வீட்டு அடுப்படியில், ஒரு தோளில் குழந்தையோடு நிற்கிறவளின் விரல் படுகிற இடம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சுவரிலிருந்து வருகிற இருநூற்று முப்பது வோல்ட்டும், வளையத்தைக் கவனிக்கிற ஐந்து வோல்ட்டும் ஒரே போர்டில் குடியிருந்தன. முன்னது ஆளையே கொல்லும். பின்னது நாக்கில் வைத்தால் கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில், போர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு, மின்சாரம் ஓடுகிற செம்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் அக்கா வெறுமையாக விட்டிருந்தாள். மின்சாரம் காற்றில் தாவும். தாவ முடியாத இடத்தில் தூசியையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வரும். தாவவும் முடியாமல் ஊரவும் முடியாமல் அது களைத்துப்போவதற்காக விட்ட தூரம் அது. அந்த வெறுமையைத்தான் தம்பி முதல் நாளிலிருந்து புறம்போக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வேண்டாமா, நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால் எப்படி என்று அன்றைக்கும் கேட்டான். இரண்டே இரண்டு பேருக்குத்தான் அங்கே காலை நீட்டிக்கொண்டு நிற்க அனுமதி என்றாள் அக்கா. ஒன்று குட்டி டிரான்ஸ்பார்மர். அதற்குள் இருக்கிற இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாது. இன்னொன்று நாலு கால் வைத்த கறுப்புத் துண்டு. அதற்குள் ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற கண். சேதி வெளிச்சமாகத்தான் போகும், மின்சாரம் அதோடு சேர்ந்து போகாது.

“எங்க வீட்டுல அப்படித்தான்,” என்றாள் சால்டரம்மா. “நானும் அவரும் பேசறதில்ல. அப்பாவை சாப்பிட வரச் சொல்லுடான்னு பையன்கிட்ட சொல்வேன். அவர் பக்கத்துலதான் உக்காந்திருப்பார்.”

“அதேதாம்மா,” என்றாள் அக்கா. “அந்தப் பையன்தான் இது.”

தம்பிக்கு உவமை பிடித்திருந்தது, விளக்கம் பிடிக்கவில்லை. பேசாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில்கூட இவ்வளவு இடம் விடமாட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

அவன் அப்படிச் சண்டையை வளர்க்காமல் இறங்கிப் போனால் அக்கா கவலைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கம்பெனிக்கு ஒரு சின்னம் இருந்தது: முட்டையின்மேல் உட்கார்ந்து அடைகாக்கிற கோழி. தம்பி காசு கொடுத்து வரைய வைத்தது. போர்டு அடித்துக் கொடுக்கிற இடத்துக்கு அவனே நேரில் போய், அக்கா ஒரு சின்னத் திருத்தம் சொல்லச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறான். முதல் கட்டு வந்து சேர்ந்து, அக்கா உறையைக் கிழித்தபோது, இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. செம்பில் செய்து, மேலே தங்கப் பூச்சு. வால் இருநூற்று முப்பது வோல்ட்டின் வேலியை உரசியது. அலகு ஐந்து வோல்ட்டைக் கொத்தப் போகிற மாதிரி நீண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. அவளுக்குக் கோபம் முற்றினால் குரல் இறங்கிவிடும். கூட்டுக்குள் மூடிப்போகிற போர்டில் இருக்கிற கோழியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டாள். யாரும் பார்க்காத இடத்தையும் அழகுபடுத்துகிறவன்தான் தரமான உற்பத்தியாளன் என்றான் தம்பி. இதை அவன் ஏற்கெனவே விளம்பரத் தாளில் எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தான். இந்தக் கோழி முதல் நாளே வறுபட்டுப்போகும், கூடவே உன் பெண்டாட்டியும் என்றாள் அக்கா. அந்தக் கட்டை அப்படியே தூக்கி, ஒன்றொன்றாகக் குறுக்கே அறுத்துப் போட்டாள். அறுக்க அறுக்கத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோழிக்காக அவன் நிஜமாகவே வருத்தப்பட்டதாகச் சால்டரம்மா பிறகு சொன்னாள்.

அடுத்த வரைபடத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். இடைவெளியின் நடுவே நீளவாட்டில் ஒரு பிளவு வெட்டச் சொன்னாள். போர்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பிளவு வழியாக எதிர்ச்சுவர் தெரியும். ஊர்ந்து வர நினைக்கிற மின்சாரத்துக்குக் காலடியில் தரையே இருக்காது. தம்பியிடம் கொடுத்து, “காத்துல என்ன வேணா வரைஞ்சுக்கோ” என்றாள். அவன் பிளவில் ஒற்றைக் கண்ணை வைத்து அந்தப் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு, உள்காற்றோட்ட வசதி உண்டு என்று விளம்பரத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அக்காதான். தம்பி முதலில் குதித்தான். நாமே செய்தது, நமக்கே நம்பிக்கை இல்லையென்று ஆகாதா, சொந்தப் பிள்ளையை யாராவது சந்தேகப்பட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்களா என்றான். உன் பிள்ளைக்குத் தடுப்பூசி போட யார் தூக்கிக்கொண்டு போனது என்று அக்கா கேட்டதும் அடங்கினான். ஆனால் பரிசோதனை முடிந்தால் வெள்ளி மாதிரிப் பளபளக்கிற ஒரு முத்திரை தருவார்கள் என்று தெரிந்த நொடியிலிருந்து அவன் அந்தக் கூடத்தின் பக்தனாகிவிட்டான். முத்திரை இல்லாத சரக்கு சரக்கே இல்லை என்று அக்காவுக்கே பாடம் நடத்தினான்.

போர்டு தேறியது. சாதாரணமாகத் தேறவில்லை. இடைவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூவாயிரம் வோல்ட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. சோதித்த பெண் அக்காவிடம் கைகுலுக்கி, இப்படி இடம் விட்டு வரைகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றாளாம். அக்கா அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள். பட்டறையில் இருந்த மொத்த போர்டுகளும் முத்திரை குத்துவதற்காகக் கூடத்துக்குப் போயின.

அவை திரும்பி வந்தபோது அக்கா இல்லை. கண் ஆஸ்பத்திரியில் சோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கிட்டத்தில் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது, வெளிச்சத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். சரக்கு வாங்குகிற கடைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். முத்திரை வந்தாயிற்று, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று தம்பி தானே நின்று, சால்டரம்மாவை வைத்து, எல்லாவற்றையும் முட்டைக் கூட்டுக்குள் பூட்டி, பெட்டியில் போட்டு, தன் வீட்டு முன்னறையில் அடுக்கிவிட்டான். பட்டறை சுத்தமாகக் காலியாக இருந்தது. விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மருந்தின் வேகம் தணிந்து அக்கா வந்தபோது மேசைமேல் ஒரே ஒரு போர்டு மிச்சமிருந்தது. கூடு ஒன்று விரிசல் விட்டதால் அடைக்காமல் வைத்தது. அவள் விசிறியை நிறுத்தினாள். போர்டைக் கையில் எடுத்தாள். தூக்கிப் பிடித்தாள்.

பிளவு வழியாக எதிர்ச்சுவர் தெரியவில்லை.

பிளவின்மேல், இரண்டு கரைக்கும் பாலம் போட்டாற்போல, பளபளவென்று வெள்ளி முத்திரை ஒட்டியிருந்தது. ‘பாதுகாப்பானது’ என்று அதில் எழுதியிருந்தது. முத்திரை இடைவெளியைவிடக் கொஞ்சம் அகலம். ஓரங்கள் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தன.

அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். காகிதம் இல்லை. உலோகத் தகடு. மீட்டரை எடுத்து ஒரு முனையை முத்திரையில் வைத்து, இன்னொன்றை இருநூற்று முப்பது வோல்ட் பக்கம் வைத்தாள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று மீட்டர் கூவியது. அந்தப் பக்கத்தில் வெட்டிவிட்ட கம்பிக் கால் ஒன்று முத்திரையை அடியிலிருந்து குத்திக்கொண்டு நின்றது. ஐந்து வோல்ட் பக்கம் வைத்தாள். கூவவில்லை. அங்கே தகட்டுக்கும் செம்புக்கும் நடுவே பச்சைப் பூச்சு மட்டும் இருந்தது, நகச்சாயம் பூசின கனத்துக்கு.

சால்டரம்மா எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். நல்லா நேராத்தானே ஒட்டியிருக்காங்க என்றாள், கொஞ்சம் பயந்த குரலில். ஆமாம், ரொம்ப நேராக ஒட்டியிருக்கிறார்கள் என்றாள் அக்கா.

பரிசோதனைக்கூடத்தில் முத்திரைக்கென்று தனி அறை, தனி அதிகாரி. சோதிக்கிற அறையில் இருக்கிறவர்கள் அங்கே வரமாட்டார்கள். இவரும் அங்கே போகமாட்டார். மேசைமேல் முத்திரைச் சுருள்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அதிகாரி மரியாதையான மனிதர். அக்காவுக்கு நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார், போர்டை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். முத்திரை சுருக்கமில்லாமல், கோணலில்லாமல் ஒட்டியிருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

பாகங்களின்மேல் ஒட்டக் கூடாது, எழுத்தின்மேல் ஒட்டக் கூடாது, பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது விதி என்றார். உங்கள் போர்டில் அப்படி ஒரு இடம்தான் இருந்தது. மற்றவர்கள் இடமே விடாமல் அடைத்துக் கொண்டுவருகிறார்கள், மூலையில் ஒட்டித் தொலைக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் ஒருத்தர்தான் எங்களை நினைத்து இடம் விட்டிருக்கிறீர்கள் என்று மனதாரப் பாராட்டினார். துளை வேறு இருந்ததால் தூசி போகாமல் அதையும் சேர்த்து மூடியாயிற்று என்றார்.

அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மூவாயிரம் வோல்ட்டைத் தாங்கிய இடைவெளி இப்போது பூச்சளவுதான் இருக்கிறது, இன்னொரு தரம் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டாள்.

“முத்திரை போட்டதைச் சோதிக்க முடியாது, மேடம்,” என்றார் அவர். “சோதிச்சதுக்குத்தான் முத்திரை.”

“நீங்க சோதிச்சது முத்திரை இல்லாத போர்டு, சார்.”

“அதேதான். அது பாதுகாப்பானதுன்னு தெரிஞ்ச பிறகுதானே ஒட்டினோம்.”

காகிதத்தில் ஒரு முத்திரை கொடுங்கள் என்று கேட்டாள். காகிதமாக இருந்தால் போலி அடித்துவிடுவார்கள், மக்களின் பாதுகாப்பு என்ன ஆவது என்றார். கூட்டின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள் என்று கேட்டாள். கூட்டை மாற்றிவிடுவார்கள் என்றார். அப்படியானால் நானே உரித்துவிட்டால் என்ன என்று கேட்டாள். அவர் முகம் முதல்முறையாக மாறியது. நாற்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவள் நன்மைக்காகச் சொல்கிற குரலில், முத்திரையை உரித்தால் அந்தக் கருவி ஆபத்தானது என்றுதான் சட்டப்படி அர்த்தம் என்றார். சோதித்த பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. அவள் வேறு மாடி. அந்த மாடிக்குப் புதிய மாதிரியோடுதான் போக முடியும். புதிய மாதிரி என்றால் வரிசையில் வர வேண்டும்.

கூடத்தின் படியில் நின்றபடியே தம்பிக்குப் போன் செய்தாள். எதையும் அனுப்பாதே, எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றாள். அவன் பெரிதாகச் சிரித்தான். நேற்று வரைக்கும் முத்திரை முத்திரை என்று உயிரை எடுத்தது யார், இன்றைக்கு அதே முத்திரையைக் கிழிக்கச் சொல்வது யார் என்று கேட்டான். கோழியைக் குற்றம் சொன்னாய், சரி, அது நான் வைத்தது. இதை வைத்தது சீல் போட அரசாங்கமே அதிகாரம் கொடுத்த இடம், இதிலுமா என்றான். வண்டி வந்துவிட்டதாம், பாதி ஏற்றியாயிற்றாம். எந்தப் புகாரும் வராது என்பதற்கு ஒரே ஓர் அத்தாட்சி போதும் என்றான்.

“முதல் பீஸ் என் வீட்டுல காலையில இருந்து ஓடுது. நீ கொடுத்த வாக்கை நான்தான் காப்பாத்தியிருக்கேன். ஒண்ணும் ஆகல. போதுமா?”

அக்கா போனை வைத்துவிட்டுத் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. குழந்தை தூங்குகிறபோது அவள் போனை ஊமையாக்கி வைப்பாள் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். கிடைத்த வண்டியில் ஏறினாள். முன்னால் போகிற வண்டியெல்லாம் வேண்டுமென்றே மெதுவாகப் போவதாகப் பட்டது. ஓட்டுகிறவர் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள்.

தம்பி வீட்டு வாசலில் சரக்கு வண்டி பின்பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றது. தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான், என்னவோ சொன்னான். அக்கா அவனைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். தம்பி மனைவி ஒரு தோளில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மேடையில் வெள்ளை முட்டை. அதைச் சுற்றிலும் சிந்தின தண்ணீர். அவளுடைய ஈர விரல் வளையத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தயங்கிக்கொண்டிருந்தது.

“கையை எடும்மா.”

அவள் எடுத்துவிட்டாள். அக்கா சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதற்கப்புறம்தான் மூச்சு விட்டாள். எத்தனை தரம் தொட்டாய் என்று கேட்டாள்.

“காலையில இருந்து ஒவ்வொரு பாலுக்கும்தான், அண்ணி. ஏன் கேக்கறீங்க?” தம்பி மனைவி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். “முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் ஆவி அடிச்சு ஈரமானதும், தொடும்போது விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. கடைசியா தொட்டப்ப எறும்பு கடிச்ச மாதிரியே இருந்துச்சு. இவர்கிட்ட சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“சீல் இருக்கு, அப்படி இருக்காதுன்னார்.”

அடுப்படி வாசலில் வந்து நின்ற தம்பி, புதுக் கருவி என்றால் முதலில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று தொடங்கினான். அக்கா கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து அங்கேயே கூட்டைப் பிரித்தாள். உள்ளே முத்திரை வியர்த்திருந்தது. ஐந்து வோல்ட் பக்கத்தில் அதன் ஓரமாக, பச்சைப் பூச்சின்மேல், முடி கனத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. தம்பி மனைவி குனிந்து பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள்.

அது மின்சாரம் நடந்து வருகிற வழி என்றாள் அக்கா. இன்னும் வந்து சேரவில்லை, பாதி தூரம் வந்திருக்கிறது. இன்னும் சில பால் புட்டிக்கு அப்புறம் வந்து சேர்ந்திருக்கும். சொல்லிக்கொண்டே முத்திரையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பில் உரித்தாள். பிளவு திறந்துகொண்டது.

தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அது ஒன்று போனால் போகட்டும், வீட்டு உபயோகத்துக்கு வைத்தது என்றான். ஆனால் வண்டியில் ஏற்றியதைத் தொடவிட மாட்டேன் என்றான். அதையெல்லாம் உரித்தால் சட்டப்படி எல்லாமே ஆபத்தான சரக்கு. கடைக்காரன் முத்திரை எங்கே என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது. அந்தக் கூடத்தில் மறுபடியும் வரிசையில் நின்றால் குழந்தை பால் குடிப்பதை விட்டுச் சோறு தின்ன ஆரம்பித்துவிடும் என்றான். வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுத்தாள் வைத்துவிடலாம் என்று ஒரு வழியும் சொன்னான்: கை காய்ந்திருக்கும்போது மட்டும் தொடவும். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்குக் கை எப்போது காய்ந்திருக்கும் என்று அக்கா கேட்டாள். அது வாடிக்கையாளர் பொறுப்பு என்றான்.

குழந்தை சிணுங்கியது. தம்பி மனைவி அதன் முதுகைத் தட்டிக்கொண்டே குழாயைத் திறந்தாள். இந்தச் சண்டையில் அதுவரை அவள் ஒரு பக்கமும் சேரவில்லை. அண்ணியும் புருஷனும் பட்டறை விஷயம் பேசினால் அவள் எப்போதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இப்போது அவள் புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

“வண்டியில இருக்கறது எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு சொல்றீங்க இல்ல,” என்றாள். “அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. கையை இந்தக் குழாயில கழுவிக்கிட்டு, துடைக்காம, நீங்களே தொட்டுக் காட்டுங்க. குழந்தையை அண்ணிகிட்ட கொடுத்துட்டு நான் இங்கேயே நிக்கறேன்.”